மருந்துக்கு முன்னால் ஏணி

தென்காசி வட்டாரத்தில் ஒரு வீட்டுக் கூரைக்கு ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே வாங்கிக்கொண்டுவிடும். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மலை தாழ்ந்து கணவாயாகிறது. அந்த வழியாக நுழையும் காற்று தென்காசிக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. வடகிழக்கே தள்ளியிருக்கும் சுந்தரபாண்டியபுரத்துக்கு வரும்போது அது தூறலும் பலத்த காற்றுமாக இருக்கிறது. அந்த ஊரின் சூரியகாந்தி வயல்களைப் பார்க்க ஆடி மாதத்தில் வெளியூர்க்காரர்கள் திரளும் நாட்களில், சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று ஊருக்குள் ஓட்டு வீடுகளின் முகட்டையும் இறவாணத்தையும் பிடித்து இழுக்கிறது. சாய்கூரை மேல் காற்று பாயும்போது விளிம்புகளிலும் முகட்டிலும்தான் உறிஞ்சு விசை அதிகம். ஓடு முதலில் நகர்வதும் அங்கேதான். குற்றாலத்தை ஒட்டிய தெருக்களில் மிச்ச வேலையைக் குரங்குகள் செய்துவிடுகின்றன. நகர்ந்த ஓட்டின் வழியே சாரல் மாதக்கணக்கில் சன்னமாக இறங்குகிறது. அது காய்ந்து முடிவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது.

கூரையில் கறையான், எலி, வண்டு, வௌவால், கொசு என்று எது குடியேறினாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி, ‘இதற்கு என்ன மருந்து?’ என்பது. கடைக்காரரும் அதற்கே பதில் வைத்திருக்கிறார். உயிரியல் வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது: அது எதற்காக இங்கே வந்தது, எந்த வழியாக வந்தது? கூரையில் வாழும் உயிர்கள் இனத்தால் வேறுபட்டவை. ஆனாலும் அவற்றை அழைத்துவருபவை பெரும்பாலும் இரண்டே காரணங்கள், ஈரமும் இடைவெளியும். இந்த இரண்டையும் தேடிச் சரிசெய்யாமல் ஊற்றும் மருந்து, வந்த உயிரைக் கொன்று, அடுத்ததற்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. ஆகவே கூரைப் பராமரிப்பில் ஏணியும் டார்ச் லைட்டும் முதலில் வர வேண்டும், மருந்து கடைசியில் வர வேண்டும். சில இடங்களில் மருந்து வரவே கூடாது.

கறையானை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் மென்மையானது. தோல் வழியே நீர் வேகமாக ஆவியாகிவிடும் என்பதால் வெயிலையும் உலர்காற்றையும் அதனால் தாங்க முடியாது. எறும்புகளிடம் சிக்கினாலும் பிழைக்காது. மண்ணிலிருந்து சுவர் வழியாக உத்திரம் வரை அது கட்டிக்கொண்டு வரும் மண்வரி இதற்கான ஏற்பாடுதான். நிலத்தடி ஈரத்தைக் கூடவே சுமந்து செல்லும் மூடிய பாதை அது. அந்த வரியைத் துடைப்பத்தால் தட்டிவிடுவது வைத்தியம் ஆகாது. தட்டிய இடத்தில் ஓரிரு நாளில் மறுபடி கட்டப்படுகிறதா என்று பார்த்தால், உள்ளே கூட்டம் இயங்குகிறதா என்பது தெரியும். அதற்கு மட்டும் அது உதவும். இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. கூரை ஓயாமல் ஒழுகினால், மண்ணிலிருந்து வந்த கறையான்களில் சில இனங்கள் மண்ணோடு தொடர்பை அறுத்துக்கொண்டு மேலேயே கூடு அமைத்துவிடும். அதற்குப் பிறகு அடித்தளத்தில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் மேலே இருப்பது சாகாது. ஒழுகலை அடைத்தால் சாகும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அதைப் பிடிப்பதில்லை. ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்த மரம் இளகிவிடுகிறது, கறையானுக்கு அதைத் தின்பது எளிதாகிறது. ஆகவே கூரையில் தண்ணீர்க் கறை தெரிகிற இடத்தைக் கறையான் தேடவேண்டிய முதல் இடமாகக் கொள்ளலாம்.

நெல்லைச் சீமையின் கட்டைக்குத்து வீடுகளிலும் பழைய ஓட்டு வீடுகளிலும் இந்தச் சோதனைக்குக் குறிப்பான ஓர் இடம் இருக்கிறது. உத்திரத்தின் நடுப்பகுதி காற்றோட்டத்தில் காய்ந்துவிடும். சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் முனை காயாது. சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லும் உறிஞ்சிய நீர் அந்த முனைக்குப் போய்ச் சேருகிறது. வெளியே பளபளவென்று நிற்கும் தேக்கு உத்திரம் சுவருக்குள் ஒரு சாண் அளவுக்கு உளுத்துப்போயிருக்க முடியும். ஸ்க்ரூடிரைவரின் முனையால் சுவரோரம் குத்திப் பார்ப்பதும், விரல் மூட்டால் தட்டி ஓசையைக் கேட்பதும் இங்கே எந்தக் கருவிக்கும் குறைந்த சோதனை அல்ல. உள்ளே கூடாகிப் போன மரம் வேறு ஓசை தரும். எந்த மரத்தில் எங்கே குத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தேக்கில் நடுவில் இருக்கும் வைரப் பகுதியில் கறையானுக்கு ஒவ்வாத வேதிப்பொருட்கள் படிந்திருக்கின்றன. பட்டையை ஒட்டிய வெளிர்ந்த பகுதியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மலிவு விலையில் வரும் ‘தேக்கு’ச் சட்டத்தில் பாதிக்கு மேல் இந்த வெளிர்ந்த மரமாக இருந்தால், பெயர் அதைக் காப்பாற்றாது. பனையில் கணக்கு தலைகீழ். அது ஒருவித்திலைத் தாவரம். அதன் உறுதியான நார்க்கற்றைகள் புறவட்டத்தில் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. உள்ளே இருப்பது மெத்தென்ற சோறு. முதிர்ந்த பனையின் வெளிப்பகுதியில் அறுத்த கைமரம் தலைமுறைகள் தாண்டி நிற்கிறது. சோறு சீவப்படாமல் சேர்ந்து வந்த கை விரைவில் போய்விடுகிறது. இந்த அறிவு பனையேறிகளிடமும் தச்சரிடமும் இருந்தது. அதற்கு அறிவியல் விளக்கமும் இருக்கிறது என்பதால் அதைத் தைரியமாகப் பின்பற்றலாம்.

தடயங்களை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதைப் பார்த்து வீட்டுக்கே ஆபத்து என்று பயப்பட வேண்டியதில்லை. அவை வெளியே வயல் புற்றுகளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தவை. அதே ஈசல் வீட்டுச் சுவரின் வெடிப்பிலிருந்தோ கைமரத்தின் இடுக்கிலிருந்தோ புறப்பட்டால் செய்தி வேறு. வளர்ந்து முதிர்ந்த ஒரு கூட்டம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். தரையில் கசகசா அளவில் ஆறு பட்டைகளோடு சிறு மணிகள் குவிந்திருந்தால், அது மரத்துக்குள்ளேயே வாழ்ந்து, மண்ணையே தொடாத உலர்மரக் கறையானின் எச்சம். நயமான தூள் மட்டும் உதிர்ந்து, மேலே குண்டூசித் தலையளவு ஓட்டைகள் தெரிந்தால் அது மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. ஓட்டையின் விளிம்பு புதிதாக வெளிறி, தூளைத் துடைத்த பிறகும் மறுபடி தூள் விழுந்தால் மட்டுமே வண்டு உயிரோடு இருக்கிறது. கறுத்த பழைய ஓட்டைகளுக்கு மருந்து அடிப்பது, பத்து ஆண்டுக்கு முன்பே பறந்துபோன வண்டுக்கு அடிப்பதாகும். இந்த வண்டின் புழு தேடுவது மரத்திலும் மூங்கிலிலும் இருக்கும் மாவுச்சத்தை. மூங்கிலை வெட்டியதும் சில வாரம் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் அந்த மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றுகிறது. தீனியே இல்லாத மூங்கிலுக்கு வண்டு வருவது அரிது.

எலிக்கு வருவோம். கூரையில் ஓடுவது பெரும்பாலும் வரப்பைத் தோண்டும் வயலெலி அல்ல. ஏறுவதில் தேர்ந்த, உடலைவிட நீண்ட வால் கொண்ட கூரை எலி அது. தென்னை மட்டை, கேபிள் ஒயர், சுவரோர முருங்கை எல்லாம் அதற்குப் பாதை. கட்டைவிரல் நுழையாத 12 மில்லிமீட்டர் இடைவெளி வளர்ந்த எலிக்குப் போதும். சுண்டெலிக்கு அதில் பாதி போதும். அடிக்கடி போய்வரும் வழியில் உடலின் எண்ணெயும் அழுக்கும் ஒட்டிக் கறுத்த தடம் விழுந்திருக்கும். பகலில் கதவு, சன்னல்களைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால், வெளிச்சப் புள்ளி தெரியும் இடமெல்லாம் ஆராய வேண்டிய இடம். எலியைக் கொன்று குறைக்க முடியுமா என்ற கேள்விக்கு 1940களிலேயே அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் விடை சொல்லியிருக்கிறது. போர்க்கால விஷ வைப்பு முயற்சிகளுக்குப் பிறகு அங்கே டேவிட் டேவிஸ், ஜான் எம்லன் ஆகியோர் நகரத் தெருக்களின் எலிகளை ஆராய்ந்தார்கள். கொன்ற பிறகு மிஞ்சிய எலிகளுக்குத் தீனியும் இடமும் தாராளமாகக் கிடைத்ததால், எண்ணிக்கை மீண்டும் பழைய அளவுக்கே ஏறியது. குப்பையையும் ஒளிவிடங்களையும் ஒழித்த பகுதிகளில்தான் அது குறைந்து, குறைந்தபடியே நின்றது. அது வேறு இன எலி, வேறு தேசத்து நகரம். ஆனாலும் மூன்று வாரச் சூலில் ஆறேழு குட்டி போடும் எந்த எலிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

விஷம் வைப்பதில் பயனின்மையைவிடப் பெரிய விஷயம் ஆபத்து. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் தூங்கிய குடும்பத்தின் இரண்டு சிறு குழந்தைகள் உயிரிழந்தார்கள். தானிய மூட்டைகளுக்கு வைக்கும் பாஸ்பைடு மாத்திரைகள் ஈரம் பட்டதும் வெளியிடும் பாஸ்பீன் வாயு மனிதருக்கும் எமன். ஆள் வாழும் வீட்டில் அதற்கு இடமே கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலை அழிப்பது. ரத்தம் உறைவதைத் தடுத்து மெல்லக் கொல்லும் மருந்து ‘பாதுகாப்பானது’ என்று விற்கப்படுகிறது. அதைத் தின்ற எலி சாகப் பல நாளாகும். அதற்குள் அது மச்சுக்குள்ளோ பால்ஸ் சீலிங்குக்கு மேலேயோ போய்ச் சேர்ந்து அங்கே அழுகும். வெளியே வந்து தள்ளாடினால் ஆந்தை பிடித்துத் தின்னும், விஷம் ஆந்தைக்கும் ஏறும். வயல் சூழ்ந்த ஊரில் எலியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பறவையைக் கொன்றுவிட்டு எலி பெருகுகிறது என்று வருந்துவது நியாயமில்லை. 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை, சிமெண்ட், கூரையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வெட்டிய கிளை, மிஞ்சிய ஒன்றிரண்டு எலிக்குப் பொறி. இவை மலிவானவை, நிலைப்பவை. உள்ளே இருக்கும் எலியைப் பிடித்துவிட்டுத்தான் கடைசி வழியை அடைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கூரையில் எச்சம் கண்டால் எல்லாமே எலி அல்ல. ஒன்றை எடுத்துத் தாளில் வைத்துக் குச்சியால் நசுக்கிப் பார்க்கலாம். கெட்டியாக இருந்தால் எலி. ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் பல்லி. பொலபொலவென்று உதிர்ந்து பூச்சி இறகின் மினுமினுப்புத் தெரிந்தால் வௌவால். பழக்கொட்டைகள் நிறைந்து ஒரே இடத்தில் குவிந்திருந்தால் மரநாய். இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் பின்னவை இரண்டும் அழிக்க வேண்டியவை அல்ல. மரநாய் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள விலங்கு. அதற்குக் கண்ணி வைப்பது குற்றம். ஓட்டிடுக்கில் தங்கும் சிறு வௌவால்கள் இரவெல்லாம் கொசுவையும் அந்துப்பூச்சியையும் தின்பவை. நெல்லை வட்டாரக் கோயில்களில் தங்கும் வௌவால்களை மணிமுத்தாறில் இயங்கும் ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மையத்தினர் ஆராய்ந்து, அவற்றைத் துரத்தாமல் காக்கச் சொல்லி வருகிறார்கள். நிபா காய்ச்சல் பற்றிய அச்சம் இங்கே குறுக்கே வரும். 2018இல் கோழிக்கோட்டில் பரவிய அந்த வைரஸின் இயற்கை இருப்பிடம் பெரிய பழந்தின்னி வௌவால். அது உயர்ந்த மரங்களில் தொங்குவது, வீட்டு ஓட்டுக்குள் வருவதில்லை. வௌவால் எலியைப் போல மரத்தையோ ஒயரையோ கடிப்பதும் இல்லை, இருக்கிற இடைவெளியில் தங்குகிறது. வீட்டுக்குள் எச்சம் விழுந்து தொல்லையானால், பறக்கத் தெரியாத குட்டிகள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்தியில் எல்லாம் வெளியேறிய பிறகு இடைவெளியை அடைப்பதுதான் வழி. எச்சத்தைக் கூட்டும் முன் தண்ணீர் தெளிப்பதும் மூக்கு வாயை மூடிக்கொள்வதும் அவசியம். உலர்ந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

‘ஓட்டு வீடெல்லாம் போய் எல்லாம் கான்கிரீட் ஆகிவிட்டதே, இனி எதற்குக் கூரையைப் பார்ப்பது?’ என்று கேட்கலாம். கேள்வியில் பாதி உண்மை உண்டு. கான்கிரீட் தளத்தைக் கறையான் தின்னாது, குரங்கு பிரிக்காது. ஆனால் கூரையில் குடியேறுபவற்றில் மனித உயிரைக் குடிப்பது எது என்று பார்த்தால் அது கறையானோ எலியோ அல்ல. தட்டட்டியில் மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டியில் வளரும் ஏடிஸ் கொசு. சுந்தரபாண்டியபுரத்துக்கு அதிக தூரம் இல்லாத கடையநல்லூர், 2012 கோடையில் டெங்குவுக்குப் பல உயிர்களைப் பறிகொடுத்தது. மாநிலமே அன்று அந்த ஊரைப் பற்றிப் பேசியது. ஏடிஸ் சாக்கடையை நாடுவதில்லை. சுத்தமான, தேங்கிய, நிழலான நீரை நாடுகிறது. குழாய்த் தண்ணீர் தினமும் வராத ஊரில் யாரும் நீரைச் சேமிக்காமல் வாழ முடியாது, சேமிக்கிற இடத்தில் பெரும்பகுதி மேல்தளத்தில் இருக்கிறது. முட்டை வளர்ந்து கொசுவாக வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்று சொல்கிறார்கள். அதுவும் நீரைக் கொட்டினால் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த நீர் பட்டதும் பொரிக்கும். சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் சுழற்சி அறும். தொட்டியின் காற்றுக்குழாயில் கொசுவலை, தகரக் கொட்டகையின் நீர்ப்பாத்தியில் இலை அடைக்காமல் பார்ப்பது, உருட்டி வைத்த பழைய டயரையும் ஆட்டுக்கல்லையும் கீழே இறக்குவது ஆகியவை கான்கிரீட் வீட்டின் கூரைச் சோதனை. இங்கும் காரணம் அதே ஈரமும் இடைவெளியும்தான்.

பழைய நாளில் விறகடுப்புப் புகையே கூரையைக் காத்தது என்பார்கள். அது பொய்யில்லை. தினமும் எழும் வெப்பமும் புகையும் அடுக்களைக் கூரையை உலர வைத்தன, மரத்தில் படிந்த கரிப்பசை பூச்சிகளை விலக்கியது. அந்தப் புகை பெண்களின் நுரையீரலிலும் படிந்தது என்பதால் அதற்குத் திரும்ப முடியாது. ஆனால் புகை செய்த வேலையில் பாதி உலர்த்துவது. அதைக் காற்றோட்டம் செய்யும். ஆகவே இடைவெளிகளை எல்லாம் சிமெண்ட் வைத்து இறுக்கிப் பூசிவிடுவது தவறு. ஓட்டுக் கூரை மூச்சுவிட வேண்டும். இறவாணத்து வாயில் கம்பிவலை வைத்தால் எலி நிற்கும், காற்று போகும்.

மருந்தே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. மண்ணிலிருந்து சுவர் வழியே ஏறும் கறையானுக்கு அடித்தள மண்ணில் முறையாக மருந்து செலுத்துவது பயனுள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 6313 அதற்கென்றே இருக்கிறது. அந்தத் தரத்தின் வரிசையைக் கவனிக்க வேண்டும். கட்டுமான முறையால் கறையானைத் தடுப்பது முதல் பகுதி. வேதிப்பொருள் அடுத்த இரண்டு பகுதிகளில் வருகிறது. ஒரு காலத்தில் கறையானுக்கு நிச்சயமான தீர்வு என்று ஆல்டிரினையும் குளோர்டேனையும் ஊற்றினார்கள். அவை மண்ணிலும் உடலிலும் பல்லாண்டு தங்குபவை என்று தெரிந்து நம் நாட்டிலும் 1990களில் தடை செய்யப்பட்டன. குடிநீர்க் கிணறு பக்கத்தில் இருக்கும் வீட்டில், மழைநீர் சேகரிக்கும் கூரையில், இந்த வரலாறு நினைவில் இருக்க வேண்டும். ஓட்டின் மேல் அடித்த மருந்து முதல் சாரலிலேயே தொட்டிக்கு வந்துவிடும்.

வயதானவர்களால் ஏற முடியாதே என்பது மிக நியாயமான தடை. ஈரமான ஓட்டில் யாருமே ஏறக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் கால் வைத்தால் அது உடைந்து ஆள் விழும் விபத்துகள் ஓயாமல் நடக்கின்றன. ஆனால் இந்தச் சோதனையில் பெரும்பகுதியை உள்ளிருந்தும் தரையிலிருந்தும் செய்ய முடியும். வெளிச்சப் புள்ளி, தண்ணீர்க் கறை, மண்வரி, தூள், எச்சம் எல்லாம் வீட்டுக்குள் தெரிபவை. முகட்டு ஓட்டைத் தெருவில் நின்று செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஓடு மாற்றுவதற்கு மட்டும் அந்த வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஆகவே சாரல் தொடங்கிய பிறகு தேடினால் கிடைக்க மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஒருமுறை, சாரல் ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்கும் முன் புரட்டாசியில் இன்னொருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டிக்கு இந்தக் காலக்கணக்கு செல்லாது, அது வாரந்தோறும். டெங்கு தடுப்புப் பணியாளர்கள் தொட்டியைப் பார்க்க வரும்போது கதவருகே நின்று கையெழுத்துப் போட்டு அனுப்பாமல், கூடவே மேலே போய், அவர்கள் டார்ச் அடிக்கும் இடத்தில் நாமும் குனிந்து பார்ப்பது நல்லது.